சர்வீஸ் முடித்ததும் எரியும் செக் இன்ஜின் லைட்: ஏடிவியில் எங்கிருந்து தேடுவது?

ஏடிவிக்கு, அதாவது காட்டுப் பாதையிலும் ஓடும் நாலு சக்கர வண்டிக்கு, ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டரைக் கழுவிப் போட்டு, பிளக் மாற்றி, பிளாஸ்டிக் பேனல்களை எல்லாம் பூட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்தால், சர்வீசுக்கு முன்பு இல்லாத மஞ்சள் இன்ஜின் விளக்கு மீட்டர் போர்டில் எரிகிறது. வேலை பழகும் பலரும் இந்த இடத்தில் ஒரு சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய காரியம். சர்வீசுக்கு முன்பு ஒழுங்காக ஓடிய வண்டியில், அதே நாளில் சென்சார் தானாகச் செத்துப்போவது அபூர்வம். பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் ஏதாவது மாட்டாமலோ, பாதி மாட்டியோ, நசுங்கியோ, நனைந்தோ கிடக்கும். ஆகவே நீங்கள் கழற்றிய இடங்களை, கடைசியாகப் பூட்டியதில் தொடங்கிப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

கீழே சொல்வதெல்லாம் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு. கார்புரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் இந்த விளக்கே இருக்காது.

எரிவது எந்த விளக்கு?

சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரியத்தான் வேண்டும். அது பல்பு வேலை செய்கிறதா என்ற சோதனை. ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைந்துவிட்டால் கோளாறு எதுவும் இல்லை. அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோதான் தேட வேண்டும்.

ஸ்பானர் படம் வேறு விஷயம். ஓடிய மணிக்கணக்கு முடிந்துவிட்டது, சர்வீஸ் செய் என்ற நினைவூட்டல் அது. போலாரிஸ் வண்டிகளில் இந்தக் கணக்கு வழக்கமாக 50 மணி நேரம். ஆயில் மாற்றினால் மட்டும் அது அணையாது. மீட்டர் போர்டு மெனுவுக்குள் போய் நீங்கள்தான் திருப்பி வைக்க வேண்டும். புதியவர்கள் "சர்வீஸ் பண்ணியும் லைட் போகவில்லை" என்று சொல்வதில் கணிசமான பகுதி இதுதான்.

சிவப்பு ஆயில் கேன் விளக்கு எரிந்தால் யோசிக்கவே கூடாது, உடனே இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் மாற்றிய கையோடு அது எரிந்தால் முதலில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை முழுவதும் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அளவே தப்பாகத் தெரியும். டிரை சம்ப் வகை (ஆயிலைத் தனி டேங்கில் வைத்திருக்கும்) இன்ஜினில் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்திய பிறகுதான் உண்மையான அளவு தெரியும். அடுத்தது ஃபில்டர். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதிய ஃபில்டரைத் திருகியிருந்தால் ஆயில் பீறிட்டு வெளியேறும். கவருக்குள் காகித ஃபில்டர் வைக்கும் மாடல்களில், எந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும் என்று ஃபில்டரிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருப்பி வைத்துவிட்டால் ஆயில் ஓட்டம் அடைபடும்; இன்ஜின் போய்விடும்.

மஞ்சள் இன்ஜின் விளக்குதான் எரிகிறது, ஆயிலும் டெம்பரேச்சரும் சரி என்றால் பதறத் தேவையில்லை. ஆனால் இன்ஜின் ஆர்.பி.எம் ஏறாமல் முடங்கினால், ஈசியூ என்ற இன்ஜின் கணினி வண்டியைப் பாதுகாப்பு முறைக்கு மாற்றியிருக்கிறது. அப்படியே காட்டுக்குள் ஓட்டிப் போகாதீர்கள்.

சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கைப் பூட்டுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சோதிப்பதென்றால் திறந்தவெளியில் மட்டும். மூடிய கொட்டகைக்குள் சைலன்ஸர் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கோடு (code, கணினி பதிவு செய்யும் கோளாறு எண்) பார்ப்பதற்கு முன் பேட்டரி

பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஒரே நேரத்தில் நான்கைந்து கோடுகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால், நான்கைந்து சென்சார் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வோல்டேஜ் குறைந்திருக்கும், அல்லது கிரவுண்ட் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் வயர்) பிடிக்காமல் இருக்கும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு அருகிலோ மேலேயோ நிற்க வேண்டும். 9-க்குப் போனால் கணினி தடுமாறிக் கோடு போட்டுவிடும். இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும்.

டெர்மினல் போல்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அது இறுகவில்லை. ஏடிவி பேட்டரிகளில் டெர்மினலுக்குள் சிறிய சதுர நட்டு ஒன்று இருக்கும். அது கீழே இறங்கிவிட்டால் போல்ட் இறுகியது போலத் தோன்றும், பிடித்திருக்காது. சிறு துண்டு ரப்பர் டியூபை நட்டுக்கு அடியில் வைத்தால் அது மேலேயே நிற்கும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றவே கூடாது.

கிரவுண்டுக்குக் கண்ணால் பார்ப்பதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. மல்டிமீட்டரின் கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில், சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்தட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் கிரவுண்ட் வயரின் ஏதோ ஒரு முனையில் துருவோ, பெயின்டோ, இறுகாத போல்ட்டோ இருக்கிறது.

இத்தோடு ஃபியூஸ் பெட்டியையும் திறந்து பார்த்துவிடுங்கள். சர்வீசின்போது கழற்றிய ஃபியூஸ் அந்த மூடிக்குள்ளேயே மறந்து கிடப்பதும் நடக்கும்.

கோடு எடுப்பது

விளக்கு எரியும்போதே எடுங்கள். பேட்டரியைக் கழற்றி அழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பல வண்டிகளில் அது அழியாது, அழிந்தாலும் உங்களிடம் இருந்த ஒரே துப்பு போய்விடும்.

கம்பெனிக்குக் கம்பெனி காட்டும் முறை வேறு. கேன்-ஆம் வண்டிகளில் கார்களில் வருவது போன்ற பி எழுத்துக் கோடு மீட்டர் போர்டிலேயே தெரியும். போலாரிஸில் எஸ்.பி.என் (கோளாறு எந்தப் பகுதியில்), எஃப்.எம்.ஐ (எந்த வகைக் கோளாறு) என்று இரண்டு எண்கள். மெனுவில் டயக்னாஸ்டிக் பகுதிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல மாடல்களில் விளக்கே சிமிட்டிச் சொல்லும்: நீளச் சிமிட்டல் ஒன்றுக்கு பத்து, குட்டிச் சிமிட்டல் ஒன்றுக்கு ஒன்று. ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் 12. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும். எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இப்போது நடப்பில் உள்ள கோடு, பழைய நினைவில் உள்ள கோடு என்று இரண்டு வகை காட்டும் வண்டியானால், நடப்பில் உள்ளதை மட்டும் துரத்துங்கள்.

சர்வீசுக்குப் பின் அடிக்கடி தலைகாட்டுபவை இவை:

பி0107, பி0108: மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் பாதையில் காற்றழுத்தத்தை அளப்பது). போலாரிஸில் எஸ்.பி.என் 102.
பி0112, பி0113: உள்ளே போகும் காற்றின் வெப்பம். எஸ்.பி.என் 105.
பி0117, பி0118: கூலன்ட் வெப்பம். எஸ்.பி.என் 110.
பி0122, பி0123: திராட்டில் பொசிஷன் சென்சார் (திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று அளப்பது). எஸ்.பி.என் 51.
பி0201: முதல் சிலிண்டர் இன்ஜெக்டர். எஸ்.பி.என் 651.
பி0500: வேக சென்சார். எஸ்.பி.என் 84.
பி0562: பேட்டரி வோல்டேஜ் குறைவு. வோல்டேஜ் கோளாறுக்குப் போலாரிஸில் எஸ்.பி.என் 168.

மேலே உள்ள ஜோடிகளில் சிறிய எண், சிக்னல் வோல்டேஜ் மிகக் குறைவு என்கிறது. பெரிய எண், மிக அதிகம் என்கிறது. போலாரிஸில் அதை எஃப்.எம்.ஐ சொல்லும்: 3 என்றால் வோல்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் சர்க்யூட் துண்டிப்பு, 6 என்றால் கிரவுண்டோடு ஷார்ட்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பி0113 என்றால் "காற்று வெப்ப சென்சார் கெட்டுவிட்டது" என்று பொருளில்லை. "அந்த வயரில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது" என்பது மட்டும்தான் பொருள். கணினி அந்த வயரில் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. காற்று சூடாக இருந்தால் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறைந்து வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். கனெக்டரை மாட்ட மறந்துவிட்டால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினியின் கண்ணுக்கு அது மைனஸ் 40 டிகிரிக் குளிர். வெயிலில் நிற்கும் வண்டியில் அது நடக்காத காரியம் என்பதால் விளக்கைப் போடுகிறது. சென்சார் நல்ல சென்சார்தான். கனெக்டர்தான் ஏர் பாக்ஸுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது.

எந்த வேலை செய்தீர்கள்?

ஏர் ஃபில்டர் வேலைதான் அதிகக் கோடுகளைக் கொண்டுவரும். ஏர் பாக்ஸில் செருகிய வெப்ப சென்சாரும், பிரஷர் சென்சாருக்குப் போகும் மெல்லிய ஹோஸும், பிரீதர் ஹோஸும் இங்கேதான் இருக்கின்றன. ஏர் பாக்ஸுக்கும், உள்ளே போகும் காற்றின் அளவைத் தகட்டால் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட் ஒரு பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் மடிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலைச் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். அந்த மடிப்பு வழியாக ஃபில்டரைத் தொடாத தூசி இன்ஜினுக்குள் போகும். கோடு வராவிட்டாலும் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். திராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பூட் கசிந்தால் பிரஷர் சென்சாரின் கணக்கே தப்பும். ஐட்லிங் ஏறி இறங்கும். நுரை ஃபில்டருக்கு எண்ணெய் போட்டால் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். சொட்டுகிற எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு சென்சார் மூக்கில் படியும்.

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தவர்கள் இரண்டு இடத்தில் தப்பு செய்வார்கள். ஒன்று, ஸ்பிரேயை நேராக அடிப்பது. அது சென்சாருக்குள் இறங்கும். துணியில் நனைத்துத் துடைப்பதே போதும். மற்றொன்று, ஐட்லிங் ஸ்குரூ என்று நினைத்து, தகட்டை நிறுத்தும் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகுவது. பல வண்டிகளில் அது கம்பெனியில் வைத்த அளவு, தொடவே கூடாது. தகடு எங்கே மூடுகிறது என்பதை வைத்துத்தான் திராட்டில் சென்சாரின் பூஜ்யமே அமைகிறது. அரைச் சுற்று திருகினாலும் எல்லாக் கணக்கும் நகர்ந்துவிடும். கேபிள் அட்ஜஸ்டரை அதிகமாக இறுக்கினாலும் இதே கதைதான்: ஹாண்டில்பாரைத் திருப்பும்போது ஆர்.பி.எம் ஏறினால் கேபிளில் தளர்வு போதவில்லை.

பிளக் மாற்றினால் அதன் எண்ணைச் சரிபாருங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு ரெசிஸ்டர் பிளக் வேண்டும். என்ஜிகே எண்களில் நடுவில் வரும் ஆர் எழுத்து அதைத்தான் குறிக்கிறது, டிசிபிஆர்8இ என்பது போல. ஆர் இல்லாத பிளக்கில் வண்டி ஓடும், ஆனால் தீப்பொறியின் மின் இரைச்சல் சென்சார் வயர்களில் ஏறி, காரணமே புரியாத கோடுகளைப் போடும். இரட்டை சிலிண்டர் வண்டியில் இரண்டு காயில் கனெக்டர்களும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றி மாட்டிவிடவும் வழி உண்டு. இன்ஜின் அதிர்ந்து, சைலன்ஸரில் வெடித்தால் அதை முதலில் பாருங்கள்.

கூலன்ட் மாற்றிய பின் வெப்பக் கோடு வந்தால் உள்ளே காற்று நிற்கிறது. சென்சார் முனை திரவத்தில் மூழ்காமல் காற்றுக்குமிழில் நின்றால் அளவு தாறுமாறாக ஓடும். இன்ஜின் ஆறிய பிறகு, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹோஸ்களைக் கையால் அமுக்கி விட்டுக் குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்குரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். சூடான இன்ஜினில் அந்த மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இன்னொரு அடையாளம்: குளிர்ந்த வண்டியில் சாவி போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா? வெப்ப சென்சாரின் கனெக்டர் மாட்டவில்லை. சிக்னல் கிடைக்காதபோது எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட்டும்படி பல கணினிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன.

கியர் பாக்ஸ் பக்கம் வேலை செய்து, ஸ்பீடோமீட்டர் பூஜ்யத்தில் நின்றால் வேக சென்சார் கனெக்டர். சென்சாரைக் கழற்றியிருந்தால் அதன் காந்த முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கவிழ்ந்தால் இன்ஜினை அணைக்கும் சாய்வு சென்சார் உள்ள வண்டியில், பேனலோடு சேர்த்து அதைக் கழற்றியிருந்தால் தலைகீழாகப் பூட்டிவிடாதீர்கள். வண்டி கவிழ்ந்து கிடப்பதாகவே கணினி நினைத்துக்கொள்ளும், ஸ்டார்ட் ஆகாது.

பெட்ரோல் டேங்கைத் தூக்கி வைத்தவர்கள், டேங்குக்குள் காற்று விடும் வென்ட் ஹோஸைப் பார்க்க வேண்டும். பேனலுக்கு அடியில் அது நசுங்கினால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு வண்டி மூச்சுத் திணறும். அப்போது டேங்க் மூடியைத் திறந்தால் புஸ் என்று காற்று உள்ளே போகும். சாவி ஆன் செய்ததும் இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். கேட்கவில்லையென்றால் பம்ப் கனெக்டர் அல்லது ஃபியூஸ்.

பிரஷர் வாஷர் அடித்த வண்டியென்றால், மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன் ஒருநாள் உலரவிடுங்கள். பாதிக் கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும்.

கனெக்டரை எப்படிப் பார்ப்பது?

சாவி ஆஃப். லாக்கை அமுக்கி, உடலைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழன்றதும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே தள்ளப்பட்டிருந்தால் அது எதிர்ப்பக்கத்தைத் தொடவே இல்லை. செம்பில் பச்சைக் களிம்பு இருக்கிறதா? சுற்றியுள்ள ரப்பர் சீல் ஒரு இடத்தில் மடிந்து வெளியே பிதுங்கியிருக்கிறதா? அப்படி மடிந்திருந்தால் கனெக்டர் முக்கால்வாசி போய் நின்றுவிடும். பார்த்தால் மாட்டியது போலவே இருக்கும், லாக் மட்டும் விழுந்திருக்காது. எலெக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்ந்ததும், சீலில் மட்டும் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கிரீஸைக் குழிக்குள் அடைத்து நிரப்பாதீர்கள். உள்ளே காற்று அகப்பட்டு கனெக்டரைத் திரும்ப வெளியே தள்ளும்.

அப்படியே வயர் போகும் பாதையையும் கண்ணால் தொடருங்கள். சீட் கொக்கிக்கு அடியில் நசுங்கியது, பேனல் போல்ட் குத்தியது, கிளிப்பில் மாட்டாமல் சைலன்ஸர் மேல் சாய்ந்து உருகியது, எலி கடித்தது என எல்லாம் உண்டு.

மல்டிமீட்டர் வைத்து முடிவு செய்தல்

எல்லாம் மாட்டியிருக்கிறது, கோடு மட்டும் போகவில்லை என்றால்தான் இந்தக் கட்டம்.

இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாரைக் கழற்றி, அதன் இரண்டு பின்களுக்கு நடுவில் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். 20 டிகிரியில் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டும். கைக்குள் வைத்துச் சூடாக்கினால் எண் இறங்க வேண்டும். எண்ணே வரவில்லையென்றால் சென்சார் போய்விட்டது. அடுத்த சோதனை இன்னும் தெளிவானது. வண்டிப் பக்கக் கனெக்டரின் இரண்டு பின்களையும் சிறு வயர் துண்டால் இணைத்து, சாவியை ஆன் செய்யுங்கள். பி0113 போய் பி0112 வந்தால் வயரும் கணினியும் நலம், குற்றவாளி சென்சார். கோடு மாறவே இல்லையென்றால் வயரில் எங்கோ துண்டிப்பு. இது இரண்டு வயர் சென்சாருக்கு மட்டும். மூன்று, நான்கு வயர் உள்ளவற்றில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் லைன் நேரே கிரவுண்டாகி மற்ற சென்சார்களையும் சேர்த்துப் படுக்க வைக்கும்.

திராட்டில் சென்சாரில் மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கனெக்டர் மாட்டியபடியே, வயர் நுழையும் பின்பக்கம் மெல்லிய ஊசியைச் செருகி சிக்னலைப் பாருங்கள். முன்பக்கத் துளையில் மல்டிமீட்டர் முனையைக் குத்தினால் உள்ளிருக்கும் தகடு விரிந்து, அதுவே புதுக் கோளாறாகும். திராட்டில் மூடியிருக்கும்போது சுமார் 0.5 முதல் 0.7 வோல்ட், முழுதாகத் திறக்கும்போது 4 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். சரியான எண் மேனுவலில். லீவரை மிக மெதுவாக அழுத்துங்கள். நடுவில் எங்காவது எண் குதித்தாலோ விழுந்தாலோ சென்சார் தேய்ந்திருக்கிறது.

பிரஷர் சென்சாருக்கு மீட்டர் போர்டோ ஸ்கேனரோ அளவு காட்டினால் போதும். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன் என்றால், அது வெளிக்காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும்: கடல் மட்டத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல், 1500 மீட்டர் உயர மலையில் சுமார் 85. ஐட்லிங்கில் அது நன்றாக இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் ஹோஸ் கழன்றிருக்கிறது, அல்லது சென்சார் மூக்கிலுள்ள ஓ-ரிங் மடிந்திருக்கிறது.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு, இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, வயர்க் கட்டை ஒவ்வொரு அடியாக லேசாக அசைத்துக்கொண்டே போங்கள். ஆர்.பி.எம் எங்கே தடுமாறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். சைலன்ஸரும் சுழலும் பாகங்களும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், கவனம்.

சரிசெய்த பிறகு

சில வண்டிகளில் கோளாறு போன உடனே விளக்கு அணையும். சிலவற்றில் ஸ்டார்ட் செய்து, சூடாக்கி, அணைத்து, இப்படி நாலைந்து முறை செய்த பிறகுதான் போகும். பழைய கோடு நினைவில் கிடந்தால் பரவாயில்லை, விளக்கு எரியாத வரை. பேனல்களை உடனே பூட்டாமல் சீட்டை மட்டும் வைத்து, தட்டையான இடத்தில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஃபேன் ஒருமுறை ஓடி அணையும்வரை. பிறகு கூலன்ட், ஆயில் அளவைத் திரும்பப் பாருங்கள்.

வீட்டில் முடியாதவையும் உண்டு. திராட்டில் பாடியையோ அதன் சென்சாரையோ புதிதாக மாற்றினால், பல வண்டிகளில் மூடிய நிலையைக் கணினிக்குக் கற்பிக்கக் கம்பெனி மென்பொருள் வேண்டும்; அதில்லாமல் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கோடு திரும்ப வரும். இன்ஜின் சுழற்சியைக் கணக்கிடும் கிராங்க் சென்சாரின் கோடு வந்து ஓடும்போதே வண்டி அணைகிறது, 5 வோல்ட் லைனே வரவில்லை, வயரும் கனெக்டரும் சரியாக இருந்தும் ஒரே கோடு மூன்றாம் முறை வருகிறது என்றால் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். போகும்போது கோடு எழுதிய தாளையும், சர்வீசில் எதையெல்லாம் கழற்றினீர்கள் என்ற பட்டியலையும் மறைக்காமல் கொடுங்கள்; அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.